வெள்ளிக்கிழமை ஏழே முக்கால் மறுஒலிபரப்பு

இது நடந்த சங்கதி. யாரோ சொல்லி யாரோ கேட்ட கதையில்லை. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, தபால் முத்திரை விழுந்த இரண்டு கடிதங்கள் இருக்கின்றன. சொர்ணத்தாய் எட்டாம் வகுப்புவரை படித்தவள். எதையும் எழுதித் தேதி போட்டு வைக்கிற பழக்கம் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்தப் பழக்கம் மட்டும் இல்லையென்றால், அன்று நடந்ததை அவளே நம்பியிருக்கமாட்டாள்.

கோவில்பட்டி ரயிலடிக்கு மேற்கே ஒரு குறுகலான முடுக்கு. மொத்தம் எட்டு வீடு. ஆறாவது வீடு தவசியுடையது. சொர்ணத்தாய் அவர் பெண்சாதி. பிள்ளைகுட்டி இல்லை. தவசிக்கு மில்லில் வேலை. பதினாலு வருஷம் மெஷின் சத்தத்திலேயே நின்று நின்று காது போய்விட்டது. வலது காது சுத்தமாகச் செவிடு. இடது காதில் வாயை வைத்துச் சொன்னால் கேட்கும். அதனால் சொர்ணத்தாய் எங்கே போனாலும் அவருக்கு இடது பக்கம்தான் உட்காருவாள். பஸ்ஸிலும் சரி, சினிமாக் கொட்டகையிலும் சரி, கல்யாணப் பந்தியிலும் சரி.

அப்போது வெள்ளிக்கிழமைதோறும் இரவு ஏழே முக்காலுக்கு ரேடியோவில் ‘பலசரக்குக் குடும்பம்’ என்று ஒரு சிரிப்பு நாடகம் வரும். கால் மணி நேரம். பலசரக்குக் கடை ஆவுடையப்பன், அவர் சம்சாரம், வேலை கிடைக்காத மகன், ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்து ரெண்டு வருஷமாகத் தங்கியிருக்கிற மச்சான். நாலே பேர். ஆனால் அந்தக் கால் மணி நேரம் ஊரே வீட்டுக்குள் அடைந்திருக்கும். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அலுத்து வருகிற பெண்கள்கூட, உலையை இறக்கி வைத்துவிட்டு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். சில வாரம் ஏதாவது ஒரு ஊருக்கு வந்து, ஜனங்களுக்கு முன்னால் நடித்து, அவர்கள் சிரிப்பதையும் சேர்த்தே பதிவு செய்துகொண்டு போவார்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் பொங்கல் கழிந்து கோவில்பட்டிக்கு வந்தார்கள். ஒரு பள்ளிக்கூட ஹாலில் நாடகம். தவசியும் சொர்ணத்தாயும் போயிருந்தார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் கூட்டம் முதலில் சிரித்து ஓயும். அதற்குள் சொர்ணத்தாய் அவர் காதில் விஷயத்தைச் சொல்லி முடிப்பாள். பிறகு, நிசப்தமான ஹாலில், தவசி மட்டும் தனியாகச் சிரிப்பார். மூக்கில் ஒரு ‘ஹுக்’. அப்புறம் தொண்டையிலிருந்து ‘ஹெஹ்… ஹெஹ்… ஹே…’ அந்தச் சிரிப்பைக் கேட்டுக் கூட்டம் மறுபடி சிரிக்கும்.

மாசி மாதம் அது ரேடியோவில் வந்தது.

“அந்தா, உங்க சிரிப்பு! கேக்குதா?”

“எங்கட்டி?”

“இந்தா மறுபடி வரும். காதை இங்கன குடுங்க.”

தவசி ரேடியோவில் காதை ஒட்டவைத்துக் கேட்டார். “நானா அது? கிடா இருமுன மாதிரியில்லா இருக்கு!” என்றார். அதற்கும் சிரித்தார்.

அதை இன்னொரு தரம் கேட்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆடி மாதம் பிறந்ததும், மறுஒலிபரப்புச் செய்யும்படி ரேடியோ நிலையத்துக்கு ஒரு கார்டு போடச் சொன்னார். சொர்ணத்தாய்தான் எழுதினாள். கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

ஆகஸ்டு பதிமூன்றாம் தேதி, திங்கட்கிழமை, மாலை நாலு பத்துக்கு, மில் வாசலில் மார்வலி என்று சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் தபால்காரர் ஒரு கார்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘அன்புள்ள நேயர் திரு. தவசி அவர்களுக்கு, தங்கள் விருப்பப்படி கோவில்பட்டி நாடகம் 24.8.79 வெள்ளி இரவு 7.45 மணிக்கு மறுஒலிபரப்பாகும். கேட்டு மகிழவும்.’

சொர்ணத்தாய் அந்தக் கார்டை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை எழுந்திருக்கவில்லை. அவள் மனதில் ஓடியது யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தவசியின் முகம் நினைவிருந்தது. கை நினைவிருந்தது. சட்டையின் எண்ணெய் வாடை நினைவிருந்தது. குரல் மட்டும் வரவில்லை. அஞ்சாம் நாள்வரை இருந்தது; ஆறாம் நாள் விடிந்தபோது இல்லை. அவர் பேசியதையெல்லாம் ஞாபகப்படுத்திப் பார்த்தாள். வார்த்தை வருகிறது, சத்தம் வரவில்லை. ஊமைப்படம் மாதிரி வாயை மட்டும் அசைத்தார். கண்ணை மூடுவதற்கே பயந்தாள். பன்னிரண்டு வருஷம் கேட்ட குரல் ஆறே நாளில் போய்விடுமா? போட்டோ ஒன்று இருக்கிறது, கல்யாணத்தில் எடுத்தது. ஆனால் குரலுக்கு என்ன இருக்கிறது? உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அது வெள்ளிக்கிழமை ஏழே முக்காலுக்கு வருகிறது. அதை விட்டால் இனி எப்போதுமே இல்லை.

ஆனால் வெள்ளிக்கிழமை என்றால் பன்னிரண்டாம் நாள். பதினாறாம் நாள் விசேஷம் முடியாமல் சாவு விழுந்த துட்டி வீட்டில் ரேடியோ பாடக்கூடாது. அந்த வீட்டில் மட்டுமில்லை, முடுக்கில் எட்டு வீட்டிலும் பதினாறு நாள் யாரும் ரேடியோ போடமாட்டார்கள். அதுவும் சிரிப்பு நாடகம்! போதாததற்குத் தவசியின் அக்கா பார்வதியம்மாள் வந்து கூடவே இருந்தாள். வந்த அன்றைக்கே வீட்டு ரேடியோவைத் துணியில் சுற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

பின்வீட்டு நபீசாவிடம் மட்டும் சொர்ணத்தாய் விஷயத்தைச் சொன்னாள். நபீசா முதலில் வாயில் கை வைத்தாள்.

“உங்க மதினிக்குத் தெரிஞ்சா என்னையுஞ் சேத்துல்லா கொன்னுபோடுவாக.”

“ஒரு தரம்க்கா. ஒரே ஒரு தரம் அவிய சிரிக்கதைக் கேட்டுட்டா போதும். பெறகு நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்.”

வெள்ளிக்கிழமை சாயங்காலம், பார்வதியம்மாள் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து, துட்டி வீட்டுக்குச் சோறு கொண்டுவருகிற சாக்கில், நபீசா ஒரு பெரிய சோற்றுத் தேக்சாவைத் தூக்கி வந்தாள். மேலே வாழை இலை. இலைக்குக் கீழே சோறு இல்லை, டிரான்சிஸ்டர்.

“புது பேட்டரிக் கட்டை போட்டிருக்கேன். தேக்சாவுக்குள்ளயே வச்சுக் கேளு, சத்தம் வெளிய போவாது. மூடியை லேசா ஒதுக்கிக்கோ.” வாசல்வரை போனவள் திரும்பிப் பார்த்தாள். “நான் வேணா கூட இருக்கட்டா?”

“வேண்டாம்க்கா. நானும் அவியளும் மட்டும் இருக்கோம்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நபீசா கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

பார்வதியம்மாள் ஏழு மணிக்குத் தன் வீட்டு எருமையில் பால் பீய்ச்சக் கிளம்பினாள். போனால் எட்டரைக்குத்தான் வருவாள்.

7.38. சொர்ணத்தாய் கதவைத் தாழ் போட்டாள்.

தவசியைக் கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர். விளக்குக்கு முன்னால் தேக்சாவை வைத்தாள். விளக்குக்கு இடது பக்கமாக உட்கார்ந்தாள். யோசித்து உட்காரவில்லை. உடம்பு தானாக அங்கே போய் உட்கார்ந்தது. டைம்பீஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

7.45. தேக்சாவுக்குள்ளிருந்து நாடகத்தின் பாட்டு வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

ஆவுடையப்பன் மகனைக் கேட்கிறார். “இன்டர்வியூவுல என்னலே கேட்டாங்க?”

“எப்பம் வந்தேன்னு கேட்டாங்கப்பா.”

“நீ என்ன சொன்ன?”

“நேத்தே வந்துட்டேன்னு பெருமையாச் சொன்னேன்.”

“அதுக்கு?”

“இன்டர்வியூ முந்தாநாளுன்னு சொல்லிட்டாங்க.”

கூட்டம் சிரித்தது. சொர்ணத்தாய் மூச்சை அடக்கிக்கொண்டாள். இதோ, கூட்டம் ஓய்கிறது. இப்போது வரும். மாசி மாதம் கேட்டது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. சரியாக இந்த இடத்தில்தான்…

வரவில்லை.

கூட்டம் ஓய்ந்துவிட்டது. ஆனால் நாடகமும் மேலே ஓடவில்லை. அடுத்த வசனம் வரவில்லை. ரேடியோவில் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் மட்டும். யாரோ யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி.

டைம்பீஸைப் பார்த்தாள். 7.49. முள் ஓடுகிறது. இரைச்சல் ஓடுகிறது. மூடியை இன்னும் கொஞ்சம் ஒதுக்கினாள். “ஐயோ, வெட்டிட்டானுவளா? அவிய சிரிப்பை வெட்டிட்டானுவளா?” அழுகை முட்டியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமல் வலது பக்கம் சாய்ந்தாள். விளக்குக்கு மேலே, அவர் காது இருக்க வேண்டிய உயரத்தில், மெதுவாகச் சொன்னாள்.

“இன்டர்வியூ முந்தாநாளாம். இவன் நேத்துப் போயிருக்கான்.”

‘ஹுக்.’

‘ஹெஹ்… ஹெஹ்… ஹே…’

அதே சிரிப்பு. அவரேதான். தேக்சாவுக்குள்ளிருந்துதான் வந்தது. உடனே நாடகமும் ஓட ஆரம்பித்தது.

சொர்ணத்தாய் ‘ஓ’வென்று அழப்போனவள், சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். குரல் வந்துவிட்டது. அவளுக்கு எல்லாம் வந்துவிட்டது. ‘ஏட்டி சொர்ணம்’ என்று அவர் கூப்பிடுகிறது, தண்ணி கேட்கிறது, தூக்கத்தில் முனகுகிறது… எல்லாம்.

7.52. “உங்க மச்சான் பெட்டியைக் கட்டிட்டாருங்க!” என்றாள் ஆவுடையப்பன் சம்சாரம்.

“அப்பாடா! எத்தனை மணிக்கு பஸ்ஸு?”

“பஸ்ஸெல்லாம் இல்ல. இருக்கப்போறது எத்தனை வருஷமோ, பெட்டி தூசியாகக் கூடாதுன்னு கட்டி மச்சுல வச்சிருக்காரு.”

கூட்டம் சிரித்தது. ஓய்ந்தது. மறுபடி இரைச்சல். மறுபடி அந்தக் காத்திருப்பு.

இந்தத் தடவை அவள் தாமதிக்கவில்லை. தலைப்பை வாயிலிருந்து எடுத்தாள். சாய்ந்தாள். சொன்னாள்.

‘ஹுக்.’

சிரிப்பு வந்தது. ஆனால்… தேக்சாவிலிருந்து வரவில்லை. தேக்சா முன்னால் இருக்கிறது. சிரிப்பு வலது பக்கத்திலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று ஆசை, திரும்பக் கழுத்து வரவில்லை.

“நீங்களா?” என்றாள். “நீங்கதானா? ஏதாவது பேசுங்க. சிரிக்க மட்டும் செய்யாதிய. ஒரு வார்த்த பேசுங்க.”

ரேடியோவில் நாடகம்தான் மேலே ஓடியது.

7.55. மகன் என்னவோ சொன்னான். கரகரவென்று ரேடியோ இழுத்ததில் அது அவளுக்கே விளங்கவில்லை. கூட்டம் சிரித்து ஓய்ந்தது. இரைச்சல். காத்திருப்பு. என்ன சொல்வது? அவள் காதிலேயே விழவில்லையே. எதையாவது சொல்லலாமா என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் வேறு யாரோ சொன்னார்கள்.

‘சுஸ்… சுசுஸ்… சுஸ்…’

காதில் வாய் வைத்துச் சொல்கிற சத்தம். வார்த்தை புரியவில்லை. காய்ந்த சோளத்தட்டை ஒன்றோடொன்று உரசுகிற மாதிரி. விளக்குக்கு அந்தப் பக்கம். அவருடைய வலது பக்கம்.

அந்தக் காது செவிடு. ஒன்பது வருஷமாகச் செவிடு.

‘ஹுக். ஹெஹ்… ஹெஹ்… ஹே…’

சொர்ணத்தாய் திறந்த வாயை மூடிக்கொண்டாள். யார் அது? தன்னைப் போல அவர் காதில் சொல்வது யார்?

7.57. ஆவுடையப்பன் பேச வாயெடுத்தார். ‘இந்தாப் பாரு…’ என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

தவசி சிரித்தார்.

எல்லாருக்கும் முன்னால்.

வசனம் இன்னும் வரவில்லை. சிரிக்க ஒன்றுமே இல்லை. ஆயுசு முழுக்கக் கடைசியில் சிரித்த மனுஷன், இன்று முதலில் சிரிக்கிறார். அவரைப் பார்த்துக் கூட்டம் சிரிக்கிறது. இப்போது கூட்டமும் ஹாலில் இல்லை. சுவரோரம் இருக்கிறது. கதவுப் பக்கம் இருக்கிறது. அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது.

8.00. நாடகம் முடிந்தது. அறிவிப்பாளர் ஏதோ சொன்னார்.

சிரிப்பு முடியவில்லை.

அவள் தேக்சாவை இழுத்து மூடியை அழுத்தி மூடினாள். அறிவிப்பாளர் குரல் அடங்கியது.

சிரிப்பு அடங்கவில்லை.

மூடியைத் தூக்கி எறிந்தாள். டிரான்சிஸ்டரைக் கவிழ்த்தாள். பின்மூடியைப் பிய்த்தாள். கட்டை இரண்டும் தரையில் விழுந்து உருண்டன.

டக்… டக்…

சிரிப்பு.

“போதும்…” என்றாள். “போதுங்க… உங்களைக் கும்பிடுதேன். எனக்குப் போதும்…”

சிரிப்பு.

சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள். தன்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தால்கூட அவர்கள் தன்னைத் திரும்பிப் பார்த்துவிடுவார்கள் என்று தோன்றியது. மூச்சைக்கூட விடவில்லை.

8.04.

8.05.

8.07. கதவு தட்டும் சத்தம்.

“ஏட்டி! கதவைத் தெற!”

மதினி. எட்டரைக்கு வரவேண்டியவள். சொர்ணத்தாய் தவழ்ந்து போய்த் தாழை நீக்கினாள். கதவு திறந்த கணத்தில், ரேடியோவை அணைத்த மாதிரி, எல்லாம் நின்றது. விளக்கு ஆடாமல் எரிந்தது.

பார்வதியம்மாள் பால்செம்போடு வாசலிலேயே நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு குனிந்து வாசல்படியைப் பார்த்தாள்.

“யாரெல்லாம் வந்திருக்கா? இத்தனை பேரு சிரிக்காவ. வாசல்ல ஒரு செருப்பைக்கூடக் காணோம்?”

சொர்ணத்தாய் கதவோரம் நகர்ந்து வழி விட்டாள். மதினி தரையில் கிடந்த டிரான்சிஸ்டரைப் பார்த்தாள். அப்புறம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். எச்சிலைப் பார்க்கிற பார்வை. பாலை வைத்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டாள். விசேஷம் முடிந்து அத்தனை சனமும் ஊர் போன பிறகும் அவள் சொர்ணத்தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தனியாக விட மனசில்லாமல் கூட இருந்தாள், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மறுநாள், இருபத்தொன்பதாம் தேதி, சொர்ணத்தாய் நிலையத்துக்கு ஒரு கவர் எழுதினாள். நடந்ததையெல்லாம் எழுதவில்லை. ஒலிநாடா எங்காவது முன்பின்னாக ஒட்டப்பட்டிருந்ததா, பள்ளிக்கூட ஹாலில் தன் வீட்டுக்காரருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தது யார் என்று அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா, கூட்டத்தின் சிரிப்பு ஏன் இந்தத் தடவை அவ்வளவு அதிகமாகக் கேட்டது என்று மட்டும் கேட்டிருந்தாள். ஆமாம், நாடாவில்தான் கோளாறு என்று ஒரு வரி வந்தால் போதும். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கலாம்.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை, பகல் பதினொன்று இருபதுக்குப் பதில் வந்தது. தட்டெழுத்தில் அடித்திருந்தார்கள். பார்வதியம்மாள் முற்றத்தில் மிளகாய் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

“என்னட்டி எழுதியிருக்கான்?”

சொர்ணத்தாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பழக்கத்தில் மதினியின் காதுப்பக்கம் குனிந்தவள், சட்டென்று நிமிர்ந்துகொண்டாள். உரக்கவே வாசித்தாள்.

‘அன்புடையீர், தங்கள் கடிதம் கிடைத்தது. கோவில்பட்டியில் பொதுமக்கள் முன்னிலையில் பதிவான ஒலிநாடா ஈரத்தில் பழுதாகிவிட்டபடியால், அதே நாடகத்தை எங்கள் நிலையக் கூடத்தில் கலைஞர்களை மறுபடி நடிக்கவைத்து 24.8.79 அன்று ஒலிபரப்பினோம். பதிவின்போது கலைஞர்கள் நால்வரையும் ஒலிப்பதிவாளரையும் தவிர அங்கே யாரும் இல்லை. தாங்கள் குறிப்பிடும் சிரிப்பொலி எதுவும் அந்த ஒலிபரப்பில் இடம்பெறவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

பார்வதியம்மாளின் கை நின்றது. கையிலிருந்த மிளகாயைக் கீழே போட்டாள்.

“அப்பம் அது ரேடியோ இல்லையா?”

“இல்ல மதினி.”

“தம்பி சிரிப்புக் கேட்டுது. சரி, ரேடியோவுல பழசைப் போடுதான்னு நெனச்சேன். அதுக்காவ எனக்குக் கோவம் இல்லட்டி.”

“பெறகு ஏன் மதினி எங்கூட பேசாம இருந்திய?”

“பன்னெண்டு நாளுதான் ஆகுது, கதவைப் பூட்டிக்கிட்டு இவ இந்தச் சிரிப்புச் சிரிக்காளேன்னு இருந்துச்சு.”

சொர்ணத்தாய் கடிதத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “யாரு?”

“நீதான். அத்தனை பேரு சிரிப்புக்கும் மேல, நடுவீட்டுல, அவன்கூடச் சரிக்குச் சரியா நீ சிரிச்சது முடுக்கு முனைவரைக்கும் கேட்டுச்சே. ஒன் சிரிப்பு எனக்குத் தெரியாதாட்டி?”